ஏஜென்ட் தேடும் முன் அக்ரிமென்டை எடுத்துப் படியுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

ஜனவரிப் புத்தகக் காட்சி முடிந்ததும் எழுதுகிறவர்களிடமிருந்து கடிதங்கள் வருவது வழக்கம். நூல் உரிமைகளை வாங்கி விற்பதற்கான பன்னாட்டுப் புத்தகக் காட்சியையும் தமிழக அரசு 2023 முதல் சென்னையில் நடத்துவதால், இந்த முறை பாதிக் கடிதங்கள் இலக்கிய முகவர்களை, அதாவது எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் பேசி நூலை விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டுகளைப் பற்றியே கேட்கின்றன. பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஊர்ப்பெயர் மட்டும் போட்டிருக்கிறோம்.

தமிழில் ஒரு நாவல் எழுதி முடித்துவிட்டேன். 300 பக்கத்துக்கு மேல் வரும். "நேரா போனா மதிக்க மாட்டாங்கக்கா, ஏஜென்ட் வெச்சுக்கோ" என்கிறான் என் தம்பி. தமிழுக்கு ஏஜென்ட் இருக்கிறார்களா?
– வாசகி, பெரம்பூர்

லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய பதிப்பகங்களுக்குள் நுழைய உங்கள் தம்பி சொல்வதுதான் வழி. தமிழில் எழுத்தாளர் நேராகப் பதிப்பாளரிடம் போவதே வழக்கம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஏன் இப்படி என்பது கணக்குப் போட்டால் புரியும். அட்டை விலை 350 ரூபாய், ராயல்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பிரதிக்கு 35 ரூபாய். 500 பிரதி விற்றால் உங்களுக்கு 17,500 ரூபாய். முகவரின் கமிஷன் வழக்கமாக 15 சதவீதம், அதாவது 2,625 ரூபாய். கைப்பிரதியைப் படித்து, திருத்தம் சொல்லி, நாலு பதிப்பகங்களிடம் பேசி, அக்ரிமென்ட் பார்த்து, வருஷா வருஷம் ராயல்டி கணக்கைக் கேட்டு வாங்குகிற வேலையை 2,625 ரூபாய்க்கு யாராலும் செய்ய முடியாது. தமிழ் அச்சுப் பதிப்புக்கு மட்டும் ஏஜென்ட்டாக இருக்கிறேன் என்று ஒருவர் வந்தால், அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான்.

பதிப்பகத்துக்கு அனுப்பும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். உங்கள் நாவலின் வகையில் கடந்த மூன்று வருஷத்தில் யார் யார் புத்தகம் போட்டிருக்கிறார்கள் என்று விலைப்பட்டியல்களை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கக் கடிதம், முடிவு வரை சொல்லும் ஒரு பக்கக் கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் போதும். யூனிகோடில் அடித்த வேர்டு ஃபைலாக அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் அவர்கள் கம்ப்யூட்டரில் கொம்பும் காலும் சிதறித் திறக்கும். படிக்கத் தொடங்குவதற்குள்ளேயே மூடிவிடுவார்கள்.

ஸ்பைரல் பைண்டிங் போட்ட கைப்பிரதியைப் புத்தகக் காட்சி ஸ்டாலில் கொடுத்துவிட்டு வராதீர்கள். அங்கே நிற்பவர்கள் பில் போடுகிறவர்கள். மூட்டை கட்டும்போது அது எந்தப் பெட்டிக்குள் போகும் என்று யாருக்கும் தெரியாது. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை பதிப்பகங்கள் புத்தகக் காட்சி வேலையில் மூழ்கியிருக்கும். பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை அனுப்புவது நல்லது.

தமிழ் அச்சைத் தாண்டிய உரிமைகளில்தான் முகவருக்கு வேலை இருக்கிறது: ஆங்கில மொழிபெயர்ப்பு, பிற இந்திய மொழிகள், வெளிநாட்டுப் பதிப்பு, சினிமா, வெப் சீரிஸ், ஒலிநூல். அந்த உரிமைகளைத் தமிழ்ப் பதிப்பகத்திடம் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு எந்த முகவர் வந்தாலும் விற்க எதுவும் இருக்காது. "தமிழ் அச்சு உரிமை மட்டும், 5 ஆண்டு" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணையில் போகும் பிரதிகளுக்கும் ராயல்டி உண்டா என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். பின்னால் தகராறு வரும் இடங்களில் அது ஒன்று.

ஐயா, நான் ஆங்கிலத்தில் எழுதுகிறவன். நாவல் 1,62,000 சொற்கள். இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்கா என்று 30 ஏஜென்ட்டுகளுக்கு ஒரே மெயிலாக, முழு பிடிஎஃப்-ஐயும் இணைத்து அனுப்பினேன். மூன்று மாதமாகியும் யாரும் பதில் போடவில்லை. கடிதத்தின் முதல் பத்தியின் சாரம் இது: "வாழ்க்கை ஒரு கடல். அன்பு, துரோகம், குடும்பம், மன்னிப்பு ஆகியவற்றை ஆழமாக அலசும் இந்த நாவல் ஒவ்வொரு வாசகரின் இதயத்தையும் தொடும்." கதைச்சுருக்கமும் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?
– வாசகர், மேற்கு மாம்பலம்

நீங்கள் அனுப்பிய கதைச்சுருக்கத்தைப் படித்தோம். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கதை கடிதத்தில் இல்லை.

முகவர் ஒரு நாளில் பல கடிதங்களைப் பார்க்கிறார். முதல் பத்தியில் அவர் தேடுவது நான்கு விஷயங்கள்: யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, எத்தனை நாள் இருக்கிறது. நான்கும் உங்கள் கதையில் இருக்கின்றன. சுருக்கத்திலிருந்தே எடுத்து இப்படி வைத்துப் பார்த்தோம்:

"காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதும் பெண்ணுக்கு, அப்பாவின் காரியம் முடிந்த பிறகுதான் தெரிகிறது, குடும்பத்தின் விசைப்படகு அடமானத்தில் இருக்கிறதென்று. ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் கடனை அடைக்காவிட்டால் படகு கைமாறிவிடும். கடன் கொடுத்தவர், அவள் யாருக்குக் கணக்கெழுதுகிறாளோ அந்த முதலாளி."

மூன்று வாக்கியம்தான். அன்பும் துரோகமும் இதற்குள்ளேயே இருக்கின்றன, தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இதை ஆங்கிலத்தில் உங்கள் நடையில் எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் தலைப்பு, வகை, சொல் எண்ணிக்கை, எந்த மாதிரி வாசகர்களுக்கு என்பது. அதோடு கடந்த மூன்று முதல் ஐந்து வருஷத்துக்குள் வந்த இரண்டு நாவல்களைச் சொல்லி, அவற்றோடு இது எந்த விதத்தில் சேரும் என்று ஒரு வரி. நோபல் பரிசு வாங்கியவர்களின் பெயரை அங்கே போடாதீர்கள். இந்த நாவல் கடையில் எந்த அலமாரியில் நிற்கும் என்பதை முகவர் தெரிந்துகொள்ளத்தான் அந்த வரி. மூன்றாம் பத்தியில் உங்களைப் பற்றி: எங்கே எழுதியிருக்கிறீர்கள், இந்தக் கதைக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு. எல்லாம் சேர்த்து 300 சொற்களுக்குள்.

அடுத்து நீளம். முதல் நாவலுக்கு ஆங்கிலத்தில் 80,000 முதல் 1,00,000 சொற்கள் என்பது நடைமுறை. 1,62,000 என்று பார்த்ததுமே பலர் நிறுத்திவிடுவார்கள். அச்சுச் செலவு ஒரு காரணம். திருத்தி எழுதாத பிரதி என்ற சந்தேகம் இன்னொன்று, அதுதான் பெரிய காரணம். உங்கள் சுருக்கத்தில் அண்ணன் துபாய்க்குப் போகும் பகுதி மூலக் கதையிலிருந்து தனியாக நிற்கிறது. வெட்டுவதை அங்கிருந்து தொடங்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

மெயிலை 30 பேருக்கு ஒன்றாகப் போட்டது பெரிய பிழை. பெறுநர் பட்டியலைப் பார்த்ததுமே அழித்துவிடுவார்கள். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியாக, தனித்தனி மெயிலில், அவரவர் இணையதளத்தில் கேட்டபடி அனுப்ப வேண்டும். பிரிட்டிஷ் முகவர்கள் பொதுவாகக் கடிதம், கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம் கேட்பார்கள். அமெரிக்கர்கள் பலர் கடிதமும் முதல் 5 அல்லது 10 பக்கமும் மட்டும், அதுவும் இணையப் படிவம் வழியாகக் கேட்பார்கள். கேட்காத இடத்தில் முழு நாவலை இணைத்தால் திறக்கவே மாட்டார்கள். முதல் அணிக்கு ஒருவர்கூடப் பதில் போடாவிட்டால் கடிதத்தை மாற்றுங்கள். பக்கங்களைக் கேட்டு வாங்கிவிட்டு மறுத்தால் முதல் அத்தியாயங்களைத் திருத்துங்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டால் திருத்திய பிரதியைக் காட்ட ஆள் மிஞ்சாது.

யாருக்கு அனுப்புவது என்று கண்டுபிடிக்க நம்பகமான வழி ஒன்று உண்டு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஆங்கில நாவல் பகுதிக்குப் போய், உங்கள் வகையில் சமீபத்தில் வந்த புத்தகங்களின் நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டுங்கள். பெரும்பாலான எழுத்தாளர்கள் தங்கள் முகவரின் பெயரை அங்கே சொல்லியிருப்பார்கள். ஒரு மதியத்தில் 20 பெயர் தேறும். "உங்களிடம் வந்த இன்ன நாவலைப் படித்தேன், அதனால் எழுதுகிறேன்" என்று கடிதத்தைத் தொடங்கவும் அது உதவும். இந்தியாவுக்குள் ரைட்டர்ஸ் சைட், சியாஹி, ரெட் இங்க், எ சூட்டபிள் ஏஜென்சி போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. இப்போது புதிதாகக் கைப்பிரதி வாங்குகிறார்களா என்பதை அவரவர் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சில இந்திய ஆங்கிலப் பதிப்பகங்கள் முகவர் இல்லாமலும் வாங்குகின்றன. ஆனால் ஒரு பதிப்பகம் மறுத்துவிட்ட பிரதியை அதே பதிப்பகத்தில் முகவரால் மறுபடி காட்ட முடியாது. எனவே முதலில் முகவர்களை முயன்று பாருங்கள்.

பதில் வர 6 முதல் 12 வாரம் ஆகும். பலர் மறுப்பைச் சொல்வதே இல்லை. 12 வாரம் தாண்டினால் இல்லை என்று வைத்துக்கொண்டு அடுத்தவருக்குப் போங்கள். யாராவது முழுப் பிரதி கேட்டு, "எனக்கு மட்டும்" என்று நிபந்தனை போட்டால் நான்கு வாரத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரு ஏஜென்சி "வாசிப்புக் கட்டணம்" 25,000 ரூபாய் கேட்கிறது. கட்டினால் பதிப்பகம் உறுதி என்கிறார்கள்.
– வாசகர், வேளச்சேரி

கட்டாதீர்கள். புத்தகம் விற்றால் அதில் ஒரு பங்கு, இதுதான் முகவரின் சம்பளம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள முகவர் சங்கங்களின் நடத்தை விதிகள் வாசிப்புக் கட்டணத்தை அனுமதிப்பதில்லை. பதிப்பகம் உறுதி என்று எந்த நேர்மையான முகவராலும் சொல்ல முடியாது, முடிவு பதிப்பக ஆசிரியர் கையில் இருக்கிறது.

எடிட்டிங்குக்குப் பணம் கொடுப்பது வேறு. தேவையென்றால் முகவர் தொழிலில் இல்லாத ஓர் எடிட்டரிடம், பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, முதலில் பத்துப் பக்கம் திருத்தித் தரச் சொல்லிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். "எங்கள் எடிட்டரிடம் காசு கட்டித் திருத்தினால்தான் பிரதிநிதியாக இருப்போம்" என்று சொன்னால் அதுவும் அதே வாசிப்புக் கட்டணம்தான்.

2016-இல் என் சிறுகதைத் தொகுப்பை ஒரு பதிப்பகம் வெளியிட்டது. ஒரு பக்க அக்ரிமென்ட். "நூலின் அனைத்து உரிமைகளும் பதிப்பகத்தைச் சேர்ந்தவை" என்று ஒரே வரி; காலம், நாடு எதுவும் இல்லை. இப்போது ஒருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க விரும்புகிறார், டெல்லி ஏஜென்ட் ஒருவர் பார்க்கத் தயார். பதிப்பகம் "உரிமை எங்களிடம் இருக்கிறது, பாதிப் பணம் எங்களுக்கு" என்கிறது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேனே, என்ன செய்வது மேடம்?
– ஆசிரியை, தாம்பரம்

கவலைப்படாதீர்கள். நீங்கள் நினைப்பதைவிட உங்கள் நிலை பலமானது.

பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆம் பிரிவைத்தான் பார்க்க வேண்டும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்த நூல், எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாத வரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும்.

உங்கள் அக்ரிமென்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். 2016-இல் கையெழுத்து, காலம் இல்லை. 2021-லேயே 5 ஆண்டு முடிந்துவிட்டது. மொழிபெயர்ப்பு உரிமையை அவர்கள் ஒரு நாளும் பயன்படுத்தவில்லை என்றால் அது அதற்கும் முன்பே, ஓராண்டில் போயிருக்கும். அக்ரிமென்டின் முழு வாசகத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். நீங்கள் எழுதி அனுப்பியதை வைத்துப் பார்த்தால், பாதிப் பணம் கேட்க அவர்களுக்கு அடிப்படை தெரியவில்லை.

ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருப்பது மட்டும் முகவருக்குப் போதாது. ஆங்கிலப் பதிப்பகத்தின் ஒப்பந்தத்தில், "இந்த உரிமை முழுக்க என்னுடையது, தகராறு வந்தால் நஷ்டத்துக்கு நான் பொறுப்பு" என்று நீங்கள் உறுதி கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் உரிமை திரும்பியதைக் காட்டும் கடிதம் கையில் வேண்டும். பதிப்பகத்துக்கு மெயிலும் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்கள்: நூலின் பெயர், அக்ரிமென்ட் தேதி, 19-ஆம் பிரிவின்படி காலம் முடிந்துவிட்டது என்ற ஒரு வரி, 30 நாளுக்குள் எழுத்தில் உறுதி செய்யுமாறு வேண்டுகோள். அச்சடித்து வைத்திருக்கும் பிரதிகளை அவர்கள் விற்றுக்கொள்வதில் ஆட்சேபம் இல்லை என்றும், தமிழ்ப் பதிப்பைத் தொடர விரும்பினால் புது அக்ரிமென்ட் போடலாம் என்றும் சேர்த்துவிடுங்கள். கோபமாக எழுதினால் கடிதம் வராது. அவர்களும் உங்கள் முதல் புத்தகத்துக்குப் பணம் போட்டவர்கள்தான். நாளைக்கு அவர்களே மொழிபெயர்ப்பாளரையும் வெளிநாட்டுப் பதிப்பகத்தையும் தேடிக் கொடுத்தால் 10 அல்லது 20 சதவீதம் கொடுப்பது நியாயம். எதுவும் செய்யாமல் பாதி கேட்பது நியாயமில்லை.

மொழிபெயர்ப்பாளரோடும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். மூலத்தின் உரிமை உங்களுடையது, மொழிபெயர்ப்பின் உரிமை அவருடையது. ஒருவர் இல்லாமல் இன்னொருவர் விற்க முடியாது. பதிப்பகம் கிடைக்க 18 மாதம் என்று காலம் வையுங்கள். அதற்குள் அமையாவிட்டால் நீங்கள் வேறொருவரிடம் போகலாம், அவர் தன் நேரத்தை வேறு நூலுக்குக் கொடுக்கலாம். தொகுப்பு முழுவதையும் முதலிலேயே மொழிபெயர்க்க வேண்டாம். இரண்டு கதையும், மற்ற கதைகளுக்குத் தலா ஐந்தாறு வரிச் சுருக்கமும் இருந்தால் முகவர் பதிப்பகங்களிடம் பேசலாம். வருமானத்தைப் பாதிப்பாதியாகப் பிரிப்பது பரவலான வழக்கம். 1,00,000 ரூபாய் அட்வான்ஸ் என்றால் முகவருக்கு 15,000 போக, 42,500 உங்களுக்கு, 42,500 அவருக்கு. அதுவும் ஒரே தவணையில் வராது. கையெழுத்தின்போது ஒரு பங்கு, கைப்பிரதி கொடுத்ததும் ஒரு பங்கு, நூல் வெளிவந்ததும் ஒரு பங்கு. அட்டையில் மொழிபெயர்ப்பாளர் பெயர் வர வேண்டும் என்பதை நீங்களே முன்னின்று எழுதி வாங்குங்கள்.

பன்னாட்டுப் புத்தகக் காட்சியோடு சேர்ந்து மொழிபெயர்ப்பு மானியத் திட்டம் ஒன்றும் நடக்கிறது. தமிழ் நூலை மொழிபெயர்த்து வெளியிட விரும்பும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கானது அது. உங்கள் முகவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

ஏஜென்ட் ஆறு பக்க அக்ரிமென்ட் அனுப்பியிருக்கிறார். சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போடக் கை பரபரக்கிறது. எந்தெந்த வரிகளைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, அண்ணா நகர்

வாழ்த்துகள். ஒரு வாரம் நேரம் கேளுங்கள். நல்ல முகவர் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

முதலில் "படைப்பு" என்பதற்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த ஒரு நூலா, இனி எழுதப்போகும் எல்லா நூல்களுமா? முதல் தடவை என்பதால் ஒரு நூலுக்கு மட்டும் என்று போடுங்கள். அடுத்து மொழி. "எல்லா மொழிகளிலும்" என்று இருந்தால், நீங்களே பேசி முடித்த தமிழ்ப் பதிப்பின் ராயல்டியிலும் 15 சதவீதம் போகும். "தமிழ் அச்சு, மின்னூல் உரிமைகள் நீங்கலாக" என்று சேர்க்கச் சொல்லுங்கள். தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது இந்த வரியில்தான்.

கமிஷன் உள்நாட்டுக்கு 15, வெளிநாட்டுப் பதிப்புக்கும் அங்கே வரும் மொழிபெயர்ப்புக்கும் 20 சதவீதம் என்பது வழக்கம். அந்த 20-க்குள் அந்த நாட்டுத் துணை முகவரின் பங்கும் அடங்க வேண்டும், அதற்கு மேல் அல்ல. கூரியர், பிரதி எடுப்பது போன்ற செலவுகளை உங்களைக் கேட்காமல் பிடிக்கக் கூடாது. ஒரு தொகைக்கு மேல் போனால் எழுத்தில் அனுமதி வேண்டும்.

பணம் எந்த வழியாக வரும் என்பதை ஊன்றிப் படியுங்கள். பதிப்பகம் முழுத் தொகையையும் முகவருக்கு அனுப்பி, அவர் கமிஷன் பிடித்துக்கொண்டு உங்களுக்குக் கொடுப்பது பழைய முறை. அப்படியானால் எத்தனை நாளுக்குள் என்று இருக்க வேண்டும், 30 நாளுக்கு மேல் போகக் கூடாது. பதிப்பகமே 85 சதவீதத்தை உங்கள் கணக்கிலும் 15 சதவீதத்தை அவர் கணக்கிலும் போடுமாறு ஏற்பாடு செய்யச் சொல்லலாம். எங்கள் ஓட்டு இதற்குத்தான். நிறுவனம் மூடினாலும் கைமாறினாலும் உங்கள் பணம் நடுவில் சிக்காது.

பிரிவது பற்றிய பத்தி கடைசிப் பக்கத்தில் இருக்கும். இரு தரப்பும் 30 அல்லது 60 நாள் நோட்டீஸில் விலகலாம் என்று இருக்க வேண்டும். அவர் முடித்துக் கொடுத்த ஒப்பந்தங்களுக்குக் கமிஷன் தொடர்வது நியாயம். அவர் ஏற்கெனவே பிரதி காட்டிய பதிப்பகத்தோடு, பிரிந்த 6 மாதத்துக்குள் ஒப்பந்தம் அமைந்தால் அதற்கும் கொடுக்கலாம். ஆனால் "பதிப்புரிமைக் காலம் முழுவதும்" கமிஷன் என்ற வரி இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கிறது. அவர் விற்றுக் கொடுத்த பதிப்பு நின்று, உரிமை உங்களிடம் திரும்பிய பிறகு வேறு பதிப்பகத்தில் போட்டாலும் அவருக்குப் பங்கு போகும். "அந்தக் குறிப்பிட்ட ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் வரை" என்று மாற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக, உரிமையை முகவருக்கு "ஒப்படைக்கிறேன்" என்ற சொல் எங்கேயும் இருக்கக் கூடாது. அவர் உங்கள் சார்பில் பேசுகிறவர், உரிமையாளர் அல்ல. உங்களுக்குப் பதிலாக அவரே கையெழுத்திடும் அதிகாரத்தையும் கொடுக்காதீர்கள்.

கையெழுத்துப் போட்டு எட்டு மாதமாகிறது. போன் போட்டால் "போய்க்கிட்டு இருக்கு" என்கிறார். விட்டுவிட்டு வேறு ஆளிடம் போகலாமா?
– வாசகர், அடையாறு

முதலில் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மெயிலில் கேளுங்கள், போனில் வேண்டாம்: எந்தெந்தப் பதிப்பகத்தில் எந்த ஆசிரியருக்கு, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், என்ன பதில் வந்தது? இந்தப் பட்டியலைக் கேட்பது உங்கள் உரிமை. பொதுவாக ஆறு முதல் பத்து ஆசிரியர்களுக்கு ஒரு சுற்று அனுப்புவார்கள், ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். எட்டு மாதத்தில் இரண்டு சுற்று போயிருந்தால் அவர் வேலை செய்கிறார், சந்தைதான் மந்தமாக இருக்கிறது. மறுப்புக் கடிதங்களை அப்படியே அனுப்பச் சொல்லிப் படியுங்கள். மூன்று பேர் ஒரே குறையைச் சொல்லியிருந்தால் மூன்றாம் சுற்றுக்கு முன் திருத்துங்கள். இரண்டு பேருக்குத்தான் போயிருக்கிறது என்றால் விலகுவதைப் பற்றி யோசிக்கலாம்.

பட்டியல் கைக்கு வராமல் விலகாதீர்கள். புதிதாக வரும் முகவர் கேட்கும் முதல் கேள்வியே "யார் யார் பார்த்துவிட்டார்கள்?" என்பதுதான். எல்லாப் பெரிய பதிப்பகங்களும் மறுத்துவிட்ட நாவலை அவரால் எடுக்க முடியாது. அடுத்த நாவலோடு போக வேண்டியிருக்கும். நோட்டீஸ் காலம் முடியும் வரை வேறு முகவரோடு பேச்சைத் தொடங்க வேண்டாம்.

உங்கள் பக்கமும் சில கடமைகள் உண்டு. பதிப்பகமோ தயாரிப்பாளரோ நேராக உங்களைத் தொடர்புகொண்டால் அன்றைக்கே முகவருக்குத் தெரியப்படுத்துங்கள். பரிசு, விமர்சனம், புதுக் கதை வெளியானது எல்லாவற்றையும் அனுப்புங்கள், பேரத்தில் அவருக்கு உதவும். வாரா வாரம் போன் போடுவதைவிட மாதம் ஒரு மெயில் நல்லது.

ஒரு உதவி இயக்குநர் என் சிறுகதையைப் படமாக்கக் கேட்கிறார். வடபழனியில் சந்தித்தபோது ஒரு பேப்பரை நீட்டி "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் சார்" என்றார்.
– வாசகர், சாலிகிராமம்

அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாமல் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் இன்னும் அமையவில்லை என்றால் உங்களிடமிருந்து அவருக்குத் தேவைப்படுவது ஆப்ஷன் மட்டும்: 12 அல்லது 18 மாதம் அந்தக் கதையை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்ற உறுதி. அதற்கு ஒரு தொகை உண்டு. முழு விலையில் 10 சதவீதம் அளவில் பேசுவார்கள், பிறகு முழு விலையில் கழித்துக்கொள்வார்கள். காலம் முடிந்தால் கதை உங்களிடம் திரும்பிவிடும், வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டியதில்லை. முழு விலையையும் அந்த அக்ரிமென்டிலேயே எழுதிவிடுங்கள். படம் தொடங்கும் நேரத்தில் பேரம் பேசினால் உங்கள் கைதான் தாழ்ந்திருக்கும்.

கொடுப்பது ஒரு தமிழ்த் திரைப்படத்துக்கான உரிமை மட்டும். பிறமொழி ரீமேக், வெப் சீரிஸ், நாடகம், ஒலிநூல், புத்தகம் எல்லாம் உங்களிடம் இருக்கட்டும். "எதிர்காலத்தில் வரக்கூடிய எல்லா ஊடகங்களிலும்" என்ற வரி வரும். 2012 திருத்தத்தின்படி, கையெழுத்திடும் நாளில் இல்லாத ஊடகத்தைக் குறிப்பாகச் சொல்லி வாங்கினால்தான் உரிமை போகும். அப்படி எதையும் குறிப்பிட்டு நீங்களே உரிமையைக் கொடுத்துவிடாதீர்கள். டைட்டிலில் உங்கள் பெயர் எந்தச் சொற்களில், யாருக்கு முன், யாருக்குப் பின் வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். கதை அச்சில் வந்துவிட்டது என்பதால் அந்த இதழே தேதிச் சான்று. அச்சில் வராததென்றால் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிந்துவிட்டுக் கதை சொல்லப் போங்கள்.

பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் தொடராக எழுதிய நாவலை ஏஜென்ட் எடுப்பாரா?
– வாசகி, ஆவடி

எடுப்பார், மறைக்காமல் சொன்னால். எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணிக்கையைக் கடிதத்தில் போடுங்கள். அதற்கு முன், தளத்தில் நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைப் படியுங்கள். ஒலி, காட்சி உரிமைகளுக்குத் தனி ஒப்பந்தம் ஏதும் போட்டிருந்தால் அதையும் முகவரிடம் காட்ட வேண்டும்.

அமெரிக்கப் பதிப்பகம் என் நூலை எடுத்திருக்கிறது. வரிப் படிவம் ஒன்று அனுப்பச் சொல்கிறார்கள். ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடலாமா?
– வாசகர், மயிலாப்பூர்

விட்டுவிடாதீர்கள், வரி உங்கள் பெயரில் வருவது. அது டபிள்யூ-8பென் படிவம், அமெரிக்கர் அல்லாதவர்கள் வரிச் சலுகை கேட்கக் கொடுப்பது. அது இல்லாவிட்டால் ராயல்டியில் 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். இந்தியா – அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின்படி புத்தக ராயல்டிக்கு 15 சதவீதம்தான். படிவத்தில் ஒப்பந்தச் சலுகை கேட்கும் பகுதியில் இந்தியா, 12-ஆம் உறுப்பு, 15 சதவீதம் என்று நிரப்பி, வெளிநாட்டு வரி எண் என்ற இடத்தில் உங்கள் பான் எண்ணைப் போடுங்கள். பலர் பெயரும் முகவரியும் மட்டும் எழுதிக் கையெழுத்திட்டு அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அப்படியானால் 30 சதவீதமே போகும். பிடித்த வரிக்கு அவர்கள் அனுப்பும் 1042-எஸ் சான்றைப் பத்திரமாக வையுங்கள், இங்கே வரிக்கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடு கேட்க அது வேண்டும். படிவம் கையெழுத்திட்ட வருஷத்தோடு இன்னும் மூன்று வருஷம் செல்லும். 2025-இல் போட்டது 2028 டிசம்பர் 31 வரை. அதற்குள் புதுப் படிவம் அனுப்பிவிடுங்கள்.